உடற்றூய்மை உணவு: சித்தர் வழக்கும் பிற்காலக் கொள்கையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்கள் வரகு விளையும் பழம்புலங்களாகும். புறநானூற்று 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கனையன்றி வேறு உணவில்லை என்கின்றார். இன்று இந்நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் மிகுந்துவிட்டன. எனினும் வரகரிசிக்குப் பிறிதொரு வகையால் மதிப்பு உயர்ந்துள்ளது. வரகுக் கஞ்சியும் பச்சிலைச் சாறும் மட்டுமே சில நாள் உட்கொள்ளின் உடலில் தேங்கிய நஞ்சு நீங்கும் என்றும், இது சித்தர் கண்ட முறை என்றும் பலர் கூறக் கேட்கின்றோம். இவற்றுள் முன்னது மருத்துவக் கூற்று. பின்னது வரலாற்றுக் கூற்று. பின்னதை ஆராய்தல் தமிழாய்வார் கடனாதலின், அதனையே ஈண்டு முதற்கண் எடுத்துக்கொள்கின்றோம்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பத்துக் குறளால் இயன்றது. அவற்றுள் 942 முதல் 947 வரையுள்ள ஆறும் உண்ணும் முறையையே பேசுகின்றன. முன்னுண்டது அற்றபின் உண்ணல், அளவறிந்து உண்ணல், மாறுபாடில்லாத உணவைத் தேர்தல், பசித்தீயின் அளவைக் கடவாமை என்பனவே அவற்றின் பொருள். உடலில் நஞ்சு சேர்கின்றது என்றோ, அதனை ஓர் உணவால் வெளியேற்றல் வேண்டும் என்றோ ஒரு குறளும் கூறவில்லை. உணவு பற்றிய பகுதி முடிந்தபின் மருத்துவன் வருகின்றான். அவன் நோயையும் அதன் முதலையும் ஆராய்கின்றான். உணவின் இடம் வேறு, மருந்தின் இடம் வேறு என்னும் இப்பகுப்பு கருதத்தக்கது.

இப்பகுப்பைக் கல்வெட்டொன்றும் காட்டுகின்றது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் வீரராசேந்திரன் (1063-1070). அவனது ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தலைநகர்க்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில் உள்ளது. அங்குக் கல்லூரியும் மாணவர் உறையுளும் ஆதுலர் சாலையும் இயங்கின. வீரசோழன் என்னும் அவ்வாதுலர் சாலையில் 15 நோயாளிகள் படுக்க இடம் இருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் என்போர்க்கு ஊதியம் வகுக்கப்பட்டது. இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெயும் விடப்பட்டிருக்கின்றது.

இச்சாலையில் சேமித்து வைத்த மருந்துகளின் பட்டியலே நமக்குப் பெருந்துணை. கடுக்காயை அடியாகக் கொண்ட அரிதகி மருந்துகள் பல அதில் உள்ளன. ஏரண்டம் எனப்படும் ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்களும் உள்ளன. கடுக்காயும் ஆமணக்கும் மலமிளக்குவன என்பது யாவரும் அறிந்ததே. இது கொண்டு, சோழர் காலத்திலேயே 'நஞ்சு நீக்கம்' நடைபெற்றது என்பார் உளராயின், அவர் பட்டியலை முழுதும் நோக்கல் வேண்டும். ஆடாதோடை சேர்ந்த வாசா அரிதகி இருமலுக்கும் ஈளைக்கும் உரியது. ஒவ்வொரு மருந்தும் ஒரு நோயை நோக்கியது, கொடுப்பவர் மருத்துவர். நோயாளி ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. படுத்த நோயாளிக்குச் சோறு மறுக்கும் சாலையன்று அது.

பிற்காலச் சித்த நூல்களுள் தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, உடலைத் தூய்மை செய்யும் காலங்களை வரையறுக்கின்றது. ஆறு திங்கட்கு ஒருமுறை வமனம், நான்கு திங்கட்கு ஒருமுறை பேதி, ஒன்றரைத் திங்கட்கு ஒருமுறை நசியம், நான்கு நாட்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்பன அவை. நோயில்லாதாரும் கழிச்சல் மருந்து உண்ணும் வழக்கம் தமிழரிடை இருந்தது என்பதற்கு இது சான்றாகும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கும் தூய்மை செய்வது மருந்தே. அதன் நோக்கம் வாத பித்த கபங்களைத் தந்நிலையில் நிறுத்தல். ஆயுர்வேதத்தார் 'ஆமம்' என்று கூறும் செரியா எச்சமும், அதற்கு விதிக்கும் இலங்கணமும் இன்றைய கருத்துக்குச் சற்று அணியனவே. ஆயினும் இலங்கணம் இன்னார்க்கு ஆகும், இன்னார்க்கு ஆகாது என்று அவர்கள் வரையறுத்துள்ளனர். எல்லார்க்கும் ஒரே பட்டியல் தரவில்லை.

அங்ஙனமாயின், உணவாலேயே நஞ்சை நீக்கலாம் என்னும் கொள்கை யாண்டிருந்து வந்தது? செருமனியின் இலீப்சிக் நகரத்து லூயி கூனே என்பாரை நோக்கல் வேண்டும் என்பது நம் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர், நோய் யாவும் ஒன்றே, உடலில் தேங்கும் அயற்பொருளே அதன் காரணம், மருந்தின்றி நீர்க்குளியலாலும் புலாலில்லா உணவாலும் அதனை வெளியேற்றலாம் என்று எழுதினார். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது கூனேயின் நூலையும் அடால்பு யசுட்டின் நூலையும் கற்று அம்முறைகளைக் கையாண்டார். அடிகளின் எழுத்துகளால் இயற்கை மருத்துவம் நாடெங்கும் பரவியது. மருந்தை விலக்கிய கூனேயின் கொள்கையும், மருந்தையே கருவியாகக் கொண்ட தேரையர் விதியும் இன்று ஒரே பெயரில் கலந்து வழங்குகின்றன.

இனிப் பயன் குறித்துச் சில சொற்கள். குருதியிற் கழிவுகளை மாற்றியும் பிரித்தும் வெளியேற்றும் தொழிலைக் கல்லீரலும் சிறுநீரகமும் இடையறாது செய்கின்றன. கிளைன், கியாட் என்னும் ஆய்வாளர் 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், விற்பனைக்கு வரும் நஞ்சு நீக்க உணவு முறைகளின் பயனை நிறுவும் முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றும் இல்லை என்று கண்டனர்; இருந்த சில சிற்றாய்வுகளும் குறைபாடுடையன என்றனர். இத்தகைய உணவின்போது எடை குறைதல் பெரும்பாலும் உணவு குறைந்ததனாலும் நீர் இழந்ததனாலும் நேர்வது. வரகில் நார்ப்பொருள் மிக்குள்ளமை உண்மை. அது நாளும் உண்ணத்தக்க நல்லுணவு. நீரிழிவுக்கு மருந்துண்பவர் மருத்துவரைக் கேளாது பட்டினி கிடப்பின் குருதிச் சருக்கரை திடீரெனத் தாழும். ஆக்சலேட்டு மிகுந்த கீரைச் சாற்றை அளவின்றிப் பருகிச் சிறுநீரகம் பழுதுற்றாரைப் பற்றியும் மருத்துவ இதழ்கள் குறித்துள்ளன.

வரகே நஞ்சாகும் நிலையும் உண்டு. பூஞ்சை பற்றிய வரகு மயக்கமும் வாந்தியும் தரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவகட்டில் யானைகள் பத்து இறந்தன. அவை உண்ட வரகிற் பூஞ்சையால் விளைந்த சைக்ளோபியசோனிக் அமிலமே காரணம் எனச் சோதனைகள் காட்டின. மழையில் நனைந்த வரகை இவ்விரு மாவட்டத்து உழவர் எங்ஙனம் பிரித்தனர், எங்ஙனம் உலர்த்திக் காத்தனர் என்பதை, அத்தொழில் அறிந்த முதியோர் உள்ளபோதே ஊர்தோறும் கேட்டுத் தொகுத்தல் வேண்டும்.