குழல் பழக்குதல் (ஈயக் குண்டு)

புதிய துவக்கின் குழலை, அச்சில் வார்த்த ஈயக் குண்டுக்கு ஏற்றபடி பதப்படுத்துவது குழல் பழக்குதல். செப்பு உறையிட்ட குண்டு, உட்சுவரில் கடைசல் விட்டுச்சென்ற கீறல்களை நாளடைவில் தேய்த்துவிடும். வெறும் ஈயம் அக்கீறல்களில் சுரண்டப்பட்டுத் தங்கிவிடும். அப்படித் தங்கிய ஈயம் அடுத்த குண்டைச் சிதைக்க, குறி தவறும்.

இலங்கையில் குழலின் கதையை இரும்பிலிருந்து தொடங்குவதே முறை. அவ்விரும்புக்குப் பேர்போனது சப்ரகமுவ. இரத்தினபுரி மாவட்டத்துச் சமனலவெவப் பகுதியில், மேற்கு பார்த்த மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு எரிந்த உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அகழ்ந்து கண்டார். அவை கி.பி. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை. கரிமம் மிகுந்த உருக்கைத் தந்தவை. 1996இல் ‘நேச்சர்’ இதழ் இதை வெளியிட்டது. கனிமவள ஆய்வின் இயக்குநராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைக்கு அருகே ஹத்தரபாகேயில் இரும்பு உருக்குவதையும், அலுத்நுவரவில் மூசையில் உருக்கு ஆக்குவதையும் பதிந்து, 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலில் சேர்த்தார். தொழில் அப்போதே அணையும் நிலையில் இருந்தது.

போர்த்துக்கேயர் வந்து நூறாண்டு ஆகுமுன்னரே சிங்களக் கொல்லர் திரித் துவக்குக் குழல் அடிப்பதில் பெயர் பெற்றனர். 1596இல் அச்சான தம் பயண நூலில் ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், இலங்கைக் குழல்களுக்கு நிகரான அழகு வேறெங்கும் இல்லை, அவை வெள்ளியாய் மின்னும் என்கிறார். அவர் கோவாவில் இருந்து கேட்டு எழுதியவர். எனினும் அயல்நாட்டவர் வாயில் வந்த புகழ்ச்சி என்பதால் நம்பத் தக்கது. அருங்காட்சியகங்களில் உள்ள கண்டித் துவக்குகளில் பிடங்கு இரு சுருளாகப் பிரிந்திருக்கும். தந்தமும் வெள்ளியும் பதித்திருக்கும். பொறி பெரும்பாலும் இடப்பக்கம் அமைந்திருக்கும்.

இவற்றின் உட்சுவர் வழவழப்பானது, சுழல்வரி கிடையாது. வாய்வழியே இட வேண்டிய ஈய உருண்டை குழலினும் சிறிதாகவே வார்க்கப்பட்டது. ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ் துவக்கில் குழல் முக்கால் அங்குலம், உருண்டை ஏறத்தாழ 0.69 அங்குலம். இத்தனை இடைவெளி இருக்கையில் பழக்குவதற்கு அதிகம் ஏதுமில்லை. சுழல்வரிக் குழல் வந்தபின்தான் ஈயம் சுவரோடு இறுகப் பொருந்தவேண்டியதாயிற்று. 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துவக்கில் 0.577 அங்குலக் குழலுக்குள் மென்ஈயக் குண்டின் அடிப்பாகம் வெடிப்பில் விரிந்து வரியைப் பற்றும். ஒட்டாதிருக்கக் கொழுப்பும் தேன்மெழுகும் பூசினர்.

மாவனல்லைப் பக்கம் துவக்கு என்றால் உதுவன்கந்தைக் கொள்ளையன் சரதியல் (1832–1864) பேச்சு வராமல் போகாது. 1864 மார்ச் 21 அன்று மாவனல்லையில் அவனைப் பொலிசார் வளைத்தபோது நடந்த சூட்டில் மலாய்க் கான்ஸ்டபிள் சபான் உயிரிழந்தார். அந்நாளை இலங்கைப் பொலிஸ் இன்றும் நினைவுகூர்கிறது. சரதியலும் கூட்டாளி மம்மலே மரிக்காரும் மே 7இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். செப்பு உறைக் குண்டு 1880களில்தான் வந்தது. அதுவரை எல்லார் துவக்கிலும் போனது ஈயமே.

பழக்கும் முறையில் முதல் வேலை அளவு காண்பதே. குழலை எண்ணெயும் இரும்புத் தூளும் போகத் துடைத்து, மென்ஈயத் துண்டொன்றை உள்ளே தட்டிச் செலுத்தி எடுத்து அளப்பர். குண்டு அதைவிட ஆயிரத்தில் ஓர் அங்குலம் பருமனாய் இருத்தல் வேண்டும். தூய ஈயத்தின் பிரினெல் கடினம் சுமார் 5 தான். வெள்ளீயமும் அந்திமனியும் சேர்த்துக் கடினமாக்குவர். முரடு மிஞ்சினால் நுண்சாணைப் பசை தடவிய ஈயத்தால் உட்சுவரைத் தேய்ப்பர். ஒவ்வொரு வெடிக்கும் ஒருமுறை துடைக்கும் சடங்கு வளர்ப்பது சுடுபவரின் பொறுமையை மட்டுமே.

இன்று இலங்கையில் துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். காட்டுப்பன்றிக்கெனத் தோட்டப்புறங்களில் வைக்கும் கட்டுத்துவக்கு சட்டவிரோதமானது. அதில் மனிதரும் அடிபடுகின்றனர்.