முதல் வாகையர் யார்?

1911-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. அன்று மோகன் பகான் கழகம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. ஷீல்டு என்னும் கேடயத்தைப் பெற்றது. வென்றது மெய், அதை மறுப்பார் எவருமில்லை. அவ்வெற்றிக்கு என்ன பட்டம் சூட்டுவது என்பதிலேதான் பூசல். இந்தியாவின் முதல் வாகையர் நாங்களே என்பர் மோகன் பகான் அன்பர். ஏனைய கழகத்தார் அதனை ஒப்புவதில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் மாலை வேளையில் பந்து உதைக்கும் இளைஞர் சிலர் இவ்வழக்கை என்னிடம் கொண்டு வந்தனர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரிடம் எதற்கும் தீர்ப்புக் கேட்கலாம் என்பது ஊரார் எண்ணம் போலும்! நான் பந்தாட்டத்தில் வல்லவனல்லேன். எனினும், இது ஆட்டத்தைப் பற்றிய கேள்வியன்று, வரலாற்றைப் பற்றிய கேள்வி என்பதனால் எடுத்துக்கொண்டேன்.

நேயர்களே, அந்த ஆட்டத்தை முதலில் நினைவிற் கொள்வோம். 1889-இல் தோன்றிய மோகன் பகான், 1911-இல் செயின்ட் சேவியர், ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேடு ஆகிய அணிகளை அடுத்தடுத்து வீழ்த்தியது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு முதலில் சமனாக ஆடிப் பின்னர் மூன்று கோல்களால் வென்றது. இறுதியாட்டத்தில் ஜாக்சன் என்னும் படைவீரர் அடித்த கோலால் வெள்ளையர் முந்தினர். அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியுந் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். பதினொருவரில் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே பூட்சு அணிந்திருந்தார். ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். மைதானத்தில் இடம் கிடையாமல் நெடுந்தொலைவில் நின்ற மக்களுக்குத் தெரியும்படி கோல் கணக்கைக் காற்றாடியில் எழுதிப் பறக்கவிட்டார்கள். ஒலிபெருக்கியும் வானொலியும் இல்லாத காலத்தில் மக்கள் கண்ட வழி அது.

அப்போது வங்காளம் பிரிக்கப்பட்டு ஆறாண்டுகள் ஆகியிருந்தன. 1905-இல் கர்சன் பிரபு இட்ட கோடு மக்கள் நெஞ்சில் ஆறாப் புண்ணாக இருந்தது. வங்காளியர் உடல் வலிமையற்றவர், கோழைகள் என்று ஆங்கிலேயர் பலர் எழுதியும் பேசியும் வந்தனர். அந்தப் பேச்சுக்கு விடை மைதானத்திலே கிடைத்தது. ஆதலின் அந்நாளின் மகிழ்ச்சி ஒரு கழகத்திற்கு மட்டும் உரியதாக இருந்திருக்க முடியாது.

இனி வழக்கிற்கு வருவோம். வெள்ளையர் படையணியை முதலில் வென்ற இந்தியர் மோகன் பகானார் என்று சொல்வது பொருந்தாது. 1892-லேயே, டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில், சோவாபஜார் கழகம் கிழக்கு சர்ரே படைப்பிரிவை வென்றுவிட்டது. அக்கழகத்தை வளர்த்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறார்? கல்கத்தா லீக் பட்டத்தை முதலில் பெற்ற இந்தியக் கழகமும் மோகன் பகான் அன்று. 1934-இல் அதனைப் பெற்றது முகமதன் ஸ்போர்ட்டிங். பெற்றதோடு நில்லாமல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அதனைக் கைவிடவில்லை. 1940-இல் டூராண்டு கோப்பையை முதன்முதல் வென்ற இந்திய அணியும் அதுவே. முகமதன் அன்பர் தம் பங்கைக் கேட்பது எவ்வாறு தவறாகும்?

கிழக்கு வங்காளத்தை வேராகக் கொண்டு 1920-இல் எழுந்த ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் அன்பரோ வேறு வகையாக வாதிடுவர். 1911-இல் ஆடியவருட் பலர் எங்கள் பக்கத்து ஊர்களிற் பிறந்தவர்களே. அந்தப் புகழ் எவ்வாறு உங்களுக்கு மட்டும் உரியதாகும் என்பது அவர்கள் வாதம். கேட்கச் சுவையானது, ஆயினும், பிறந்த ஊரைக் கொண்டு பட்டத்தைப் பங்கிடத் தொடங்கினால் எந்தக் கோப்பையும் ஓரிடத்தில் நில்லாது.

‘இந்தியாவின் வாகையர்’ என்ற சொல்லில்தான் பிணக்கின் வேர் இருக்கிறது. 1911-இல் அத்தகைய பட்டமே கிடையாது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 1937-இல்தான் தோன்றியது. மாகாணங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கியது. ஐ.எப்.ஏ. ஷீல்டு பெருமை மிக்கதுதான், எனினும் கல்கத்தாவில் நடந்த கோப்பைப் போட்டியே. அக்கேடயத்தை முதலில் வென்ற இந்திய அணி என்று மோகன் பகானார் சொல்லுவரேல் ஒருவரும் மறுக்க இயலாது. அதற்கு மேல் ஒரு சொல் கூட்டும்போதுதான் வழக்கு எழுகிறது.

அண்மைக்காலத்து வழக்கொன்றையும் இதனோடு ஒப்பிடலாம். 2025 ஏப்ரலில் ஐ-லீக் வாகையர் என்று சர்ச்சில் பிரதர்ஸ் கழகத்தைச் சம்மேளனம் அறிவித்தது. ஆட்டக்காரரின் தகுதியும் பதிவும் பற்றிய முறையீடுகளை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து விளையாட்டு நடுவர் மன்றம், ஜூலையில், இன்டர் காசியே வாகையர் என்று தீர்ப்பளித்தது. அங்கே விதிநூல் இருந்தது, மன்றமும் இருந்தது. 1911-க்கு அவ்வாறு ஒரு மன்றம் இல்லை. இருப்பவை ஆண்டுகளும் அணிப் பெயர்களுமே.

வெற்றிக்குப்பின் கட்டிய கதைகளும் உண்டு. இந்த வெற்றியைக் கண்டு அஞ்சியே ஆங்கிலேயர் தலைநகரைத் தில்லிக்கு மாற்றினர் என்பது அவற்றுள் ஒன்று. 1911 டிசம்பர் 12-இல் தில்லி தர்பாரில் அரசர் அதனை அறிவித்தது உண்மை. அன்றே வங்காளப் பிரிவினையும் நீக்கப்பட்டது. அவை அரசியல் நெருக்கடியில் விளைந்த முடிவுகள். ஒரு பந்து அவற்றைச் செய்ததாக நான் கரும்பலகையில் எழுதமாட்டேன்.

இளைஞர்களுக்கு இன்னொன்றும் சொன்னேன். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1937-இல் முதன்முதல் வென்ற இந்தியக் கழகம் பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த ஆண்டும் அவர்களே வென்றனர். பெங்களூர் இங்கிருந்து பேருந்தில் சில மணி நேரத் தொலைவில் உள்ளது. மோகன் பகானுக்கும் முகமதனுக்குமாக அரைநாள் தொண்டை வறள வாதிட்ட அந்தப் பிள்ளைகளுள் ஒருவரும் அப்பெயரை அதற்குமுன் கேட்டிருக்கவில்லை.