தட்டோசையும் அதற்கு இட்ட மருந்தும்



பிரெஞ்சு நாட்டு மருத்துவர் லென்னெக் என்பார் 1816-ஆம் ஆண்டில் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இன்று ஒவ்வொரு மருத்துவரின் கழுத்திலும் தொங்குகின்ற ஸ்டெதாஸ்கோப் அன்று பிறந்தது. உடலுக்குள் நிகழ்வதைக் கண்ணால் காண இயலாதபோது காதால் அறியலாம் என்பதே அவர் கண்ட உண்மை. மனிதன் படைத்த இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கும் நோய் வருகிறது, அவையும் முனகுகின்றன, அந்த முனகலைக் கேட்டுக் காரணம் அறிகின்றவர்களும் இருக்கின்றார்கள். மோட்டார் காரில் எழுந்த ஓர் ஓசையைப் பற்றியும், அதன் காரணத்தைத் தேடியவர்களைப் பற்றியும், அவர்கள் கொடுத்த மருந்து உலகத்துக்கு இழைத்த தீங்கைப் பற்றியும் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் என் இளமைக்கால நினைவு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1970-களின் தொடக்கத்தில் என் சிறிய தந்தையாரிடம் ஒரு பழைய கார் இருந்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டும்போதெல்லாம் அதன் எஞ்சினிலிருந்து, தகரக் குவளையில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை எழும். சமதரையில் அது கேட்பதில்லை. ஒரு பட்டறையில் காட்டியபோது, அங்கிருந்தவர் எஞ்சின் மூடியின் உட்புறத்தில் கனத்த கம்பளியை ஒட்டிக் கொடுத்தார். ஓசை வெளியே கேட்பது குறைந்தது; சிறிய தந்தையாரும் மகிழ்ந்தார். ஆயினும் அடுத்த மலைப்பயணத்தில் கார் பாதி வழியிலேயே திணறி நின்றுவிட்டது.

பிறகு வேறொரு முதியவரிடம் சென்றோம். அவர் உடனே திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. “தம்பி, சத்தம் எங்கே கேட்கிறது என்பது பிறகு, எப்போது கேட்கிறது, அதைச் சொல்” என்று என்னைக் கேட்டார். ஏற்றத்திலா, சமதரையிலா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்பா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். பின்பு நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சினில் பல இடங்களில் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார். வால்வில் இடைவெளி மிகுந்திருந்தால் எஞ்சினின் வேகத்துக்கேற்பச் சீரான ‘டிக் டிக்’ ஒலி வரும். பேரிங் தேய்ந்திருந்தால் அடியிலிருந்து கனமான ‘தொம் தொம்’ ஒலி வரும். பாரம் இழுக்கும்போது மட்டும் எழுகின்ற கணீரென்ற தட்டல் வேறு வகை என்று விளக்கினார். மின்பொறி சற்று முன்னதாகவே விழுகிறது என்று கண்டு, டிஸ்டிரிபியூட்டரைச் சிறிதளவு திருப்பிவைத்தார். தட்டல் நின்றது. கம்பளியைப் பிய்த்தெடுத்து, “காதைப் பொத்திக்கொண்டால் வலி போய்விடுமா?” என்று சிரித்தார்.

அந்தத் தட்டோசைக்கு நீண்ட வரலாறு உண்டு என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரியவந்தது. அவ்வரலாறு தொடங்கிய இடம் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த டேட்டன் நகரம். அங்கே சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியியல் அறிஞர் வாழ்ந்தார். கைப்பிடியைச் சுழற்றிக் காரைக் கிளப்பவேண்டியிருந்த துன்பத்தைப் போக்கி, மின்சாரத்தால் கிளப்பும் கருவியை அமைத்தவர் அவரே. 1912-ஆம் ஆண்டின் கடில்லாக் கார்களில் அது இடம்பெற்றது. அதற்கு முன்பே பாட்டரியின் துணையால் மின்பொறி எழுப்பும் முறையையும் அவர் அக்கார்களுக்கு வகுத்துத் தந்திருந்தார்.

அக்காலத்தில் பல எஞ்சின்களில் தட்டோசை எழுந்தது. எஞ்சினின் ஆற்றலைப் பெருக்குவதற்காகச் சிலிண்டருக்குள் வாயுவை மேலும் அழுத்தினால் தட்டலும் மிகுந்தது, பிஸ்டன்கள் சேதமுற்றன. பழி கெட்டரிங்கின் மின்பொறி முறையின்மேல் விழுந்தது. அவரோ குற்றம் எரிபொருளில் இருக்கலாம் என்று ஐயுற்றார். பண்ணை வீடுகளுக்கு விளக்கெரிக்க அவர் செய்து விற்ற சிறு மின்னாக்கிகளும் மண்ணெண்ணெயில் ஓடும்போது கடுமையாகத் தட்டின. இதன் காரணத்தைக் கண்டறியும் பணியை, 1916-இல் தம்மிடம் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளைஞரிடம் ஒப்படைத்தார்.

மின்பொறி விழுமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்வதால் தட்டல் எழுகிறது என்று பலரும் நம்பியிருந்தனர். மிட்ஜ்லி ஊகத்தோடு நிற்கவில்லை. சிலிண்டருக்குள் கணந்தோறும் அழுத்தம் ஏறியிறங்குவதை ஒளிக்கதிரின் துணையால் காட்டும் கருவியை அமைத்தார். உண்மை வேறாக இருந்தது. மின்பொறி விழுந்து, தீ பரவத் தொடங்கிய பின்னரே அழுத்தம் திடீரென்று எகிறியது. எனவே மின்பொறி முறையின்மேல் சுமத்தப்பட்ட பழி அகன்றது.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். தீபாவளிச் சரவெடியின் திரியில் நெருப்பு வைத்தால், வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துச் செல்லவேண்டும். எஞ்சியுள்ள கட்டு முழுவதும் ஒரே நொடியில் வெடித்தால் எப்படியிருக்கும்? சிலிண்டரிலும் தீ ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சீராகப் பரவவேண்டும். அவ்வாறு பரவும்போது, இன்னும் எரியாமல் மூலையில் இருக்கும் வாயு அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நெருக்குண்டு, தீ வந்து சேருமுன்பே தானாக ஒருசேரப் பற்றிக்கொள்கிறது. அதனால் எழும் அழுத்த அலைகள் சிலிண்டரின் சுவரில் மோதுகின்றன. அதுவே நாம் கேட்கும் தட்டோசை. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்னும் அறிஞரும் இதே காலத்தில் ஆராய்ந்து, எரிபொருளுக்கு எரிபொருள் இத்தன்மை வேறுபடுவதை அளந்து காட்டினார்.

மருந்தைத் தேடிய கதை விந்தையானது. பனி விலகுமுன்பே பூக்கும் செடி ஒன்றின் இலைகளில் சிவப்பு நிறம் இருப்பதை நினைத்து, எரிபொருளுக்கும் சிவப்பேற்றினால் அது வெப்பத்தை விரைந்து ஏற்று நன்கு ஆவியாகும் என்று இருவரும் எண்ணினர். சிவப்புச் சாயம் கிடைக்காமையால் அயோடினைக் கலந்து பார்த்தனர். தட்டல் குறைந்தது! ஆனால் பின்னர் உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது பயன் ஏதுமில்லை. நிறத்தைப் பற்றிய எண்ணம் தவறு. வேதிப்பொருள் ஒன்றால் தட்டலைத் தடுக்க முடியும் என்பதோ உண்மை. அயோடின் விலை மிகுந்தது, உலோகத்தையும் அரித்தது. அனிலின், செலினியம், டெல்லூரியம் என ஒவ்வொன்றாகச் சோதித்தனர். டெல்லூரியத்தின் நாற்றம் சோதித்தவர்களின் உடலையும் உடையையும் விட்டு நீங்காமல் துன்புறுத்தியது. இறுதியில் 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், டெட்ரா எத்தில் ஈயம் என்னும் நீர்மத்தைச் சோதித்தனர். ஆயிரம் பங்குக்கும் மேற்பட்ட பெட்ரோலில் ஒரு பங்கு கலந்தாலே எஞ்சின் அமைதியாக ஓடியது.

1923-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. ‘எத்தில்’ என்று மட்டும் அதற்குப் பெயரிட்டார்கள். ஈயம் என்ற சொல் பெயரில் இடம்பெறவில்லை. ஈயம் நஞ்சு என்பது பண்டைக்காலம் தொட்டே உலகம் அறிந்த செய்தி. மிட்ஜ்லியே அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஈய நஞ்சினால் நலிவுற்று ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்துப் பேவே என்னுமிடத்தில் இப்பொருளைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி வீழ்ந்தனர். ஐவர் இறந்தனர். அதே மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர்களின் முன்னிலையில் அந்நீர்மத்தைக் கைகளில் ஊற்றித் தேய்த்து, முகர்ந்தும் காட்டி, அச்சத்துக்கு இடமில்லை என்றார்.

1925 மே மாதத்தில் வாஷிங்டனில் அரசு ஒரு மாநாட்டைக் கூட்டியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்ற முதல் பெண்மணியான மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் அங்கே எச்சரித்தார். தொழிற்சாலைக்குள் ஈயத்தைக் கட்டுப்படுத்தலாம். ஊரெங்கும் புகையாகப் பரவும் ஈயத்தை யார் கட்டுப்படுத்துவது என்பதே அவரது கவலை. ஆராய நியமிக்கப்பட்ட குழு சில மாதங்களில் அறிக்கை தந்தது. தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்றது. ஆனால் ஆராய்ச்சி தொடரவேண்டும் என்றும் சொன்னது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவ்வாராய்ச்சி பெரும்பாலும் அத்தொழிலின் பணத்திலேயே நடந்தது.

வேறு மருந்தே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. எரிசாராயம் தட்டலைத் தடுக்கும் என்பதை மிட்ஜ்லியும் ரிக்கார்டோவும் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் அதைப் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கலக்கவேண்டும்; ஈயமோ சில துளிகள் போதும். அன்றியும், எவரும் வடித்தெடுக்கக்கூடிய எரிசாராயத்துக்குத் தனியுரிமை பெற்றுப் பொருளீட்ட இயலாது. எனவே ஈயம் வென்றது, உலகெங்கும் சென்றது. ஏற்காட்டு மலையில் எங்கள் கார் உண்ட பெட்ரோலிலும் அது கலந்திருந்தது.

இனி, இந்த ஈயத்தைக் கண்டுபிடித்தவர் கதைக்கு வருவோம். அவர் மோட்டார் துறையைச் சேர்ந்தவர் அல்லர். கலிபோர்னியாவில் கிளேர் பேட்டர்சன் என்னும் புவியியல் வேதியறிஞர், விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். அவர் ஆய்வுக்கூடத்தில் எதைத் தொட்டாலும் ஈயம் ஒட்டியிருந்தது; அளவுகள் பிழையாயின. தூசு புகாத கூடம் அமைத்து, 1956-இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார். ஆனால் தம் வேலைக்கு இடையூறாக வந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவை அவர் விட்டுவிடவில்லை. கடல்நீரிலும் துருவப் பனியிலும் தேடினார். மனிதன் தன் காற்றிலும் உடலிலும் இயற்கையை மிஞ்சிய அளவில் ஈயத்தைச் சேர்த்துவிட்டான் என்று 1965-இல் எழுதினார். 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர், பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அளந்தார். பல்லில் ஈயம் மிகுந்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்தனர்.

புகையைத் தூய்மையாக்கும் கருவிகள் 1975 முதல் அமெரிக்கக் கார்களில் பொருத்தப்பட்டன. ஈயம் அவற்றைப் பாழாக்கும் என்பதாலும் ஈயமற்ற பெட்ரோல் தேவையாயிற்று. 1976-க்கும் 1991-க்கும் இடையில் அந்நாட்டு மக்களின் குருதியில் ஈயத்தின் சராசரி அளவு முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. நம் நாட்டில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் அதுவே வழங்கலாயிற்று. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் கார்களுக்கான ஈயப் பெட்ரோலின் விற்பனையை நிறுத்தியது. டேட்டனில் சோதனை வென்ற நாளிலிருந்து கணக்கிட்டால் அதற்குள் ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்துவிட்டன.

தட்டோசை இன்னும் மறையவில்லை. ஆனால் இன்றைய எஞ்சினின் பக்கத்தில் ஒரு சிறு உணர்கருவி காதுபோல் பொருத்தப்பட்டிருக்கிறது. தட்டலின் அதிர்வை அது உணர்ந்தவுடன் மின்பொறி சற்றுத் தாமதித்து விழுகிறது. சேலத்து முதியவர் திருப்புளியைக் காதில் வைத்துச் செய்த வேலையை எஞ்சின் இப்போது கணந்தோறும் தானே செய்துகொள்கிறது. அன்று ஒதுக்கப்பட்ட எரிசாராயமும், கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்பெற்று, நம் பெட்ரோலில் கலக்கப்படுகிறது.

மாணவ நண்பர்களே! கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் அறிவிற் குறைந்தவர் அல்லர். பலரும் பிழையாகச் சொன்ன காரணத்தை மறுத்து, அளந்து பார்த்து, நோயைச் சரியாகக் கண்டவர்கள் அவர்கள். ஆனால் நோய் கண்டதில் காட்டிய பொறுமையை மருந்து தேர்ந்ததில் காட்டவில்லை. எஞ்சின் தட்டுகிறதா என்று மட்டும் கேட்டார்கள்; தட்டல் நின்றவுடன் பணி முடிந்தது என்றிருந்தார்கள். அந்த எஞ்சினுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடும் குழந்தைக்கு என்ன நேரும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய குரலுக்குச் செவிசாய்க்கத்தான் ஆளில்லை.

உங்களுள் பலர் நாளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆவீர்கள். உங்களிடமும் ஏதேனும் ஓர் ஓசை வந்து சேரும். அதை அடக்கித் தருமாறு உலகம் உங்களை அவசரப்படுத்தும். அப்போது அந்த முதியவர் பிய்த்தெறிந்த கம்பளியை நினைத்துக்கொள்ளுங்கள்.