செபாஸ்டியன் பேரி: குடும்பங்கள் மறைத்த மனிதர்களை எழுதிய அயர்லாந்து படைப்பாளி

அயர்லாந்தின் சமகால இலக்கியத்தில் நாடகம், நாவல் ஆகிய இரு துறைகளிலும் ஒருசேர முன்வரிசையில் நிற்பவர் செபாஸ்டியன் பேரி. பிரிட்டனின் கோஸ்டா 'ஆண்டின் சிறந்த நூல்' விருதை இரண்டு முறை வென்ற முதல் நாவலாசிரியர் இவரே. புக்கர் பரிசுக்கான பட்டியல்களில் இவரது நூல்கள் ஐந்து முறை இடம்பெற்றுள்ளன. 2018 முதல் 2021 வரை, 'ஐரிஷ் புனைகதைக்கான லாரியேட்' என்னும் தேசிய கௌரவப் பொறுப்பையும் அவர் வகித்தார்.

பேரியின் படைப்புகளில் மீண்டும் மீண்டும் வருவோர் பெரும்பாலும் அவரது சொந்த முன்னோர்களின் சாயலில் உருவானவர்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் காவல்துறையில் பணியாற்றியவர், பிரிட்டிஷ் ராணுவச் சீருடையில் போர்முனைக்குச் சென்ற இளைஞர், மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட பெண் ஆகியோரே அவரது நாயக, நாயகியர். நாடு விடுதலை பெற்ற பின்னர் இத்தகையோரைப் பற்றி வீடுகளில் பேசுவதே அரிதாயிற்று. அந்த மௌனத்தைக் கலைப்பதையே பேரி தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார்.

பிறப்பும் கல்வியும்

பேரி 1955 ஜூலை 5-ஆம் தேதி டப்ளினில் பிறந்தார். தாயார் ஜோன் ஓ'ஹாரா, டப்ளினின் புகழ்பெற்ற அபே நாடக அரங்கிலும் பின்னர் தொலைக்காட்சித் தொடரிலும் நடித்து அயர்லாந்து மக்களுக்கு நன்கு அறிமுகமானவர். தாயாரின் சகோதரி மேரி ஓ'ஹாரா, யாழ் மீட்டிப் பாடும் கலைஞராகப் பன்னாட்டுப் புகழ் பெற்றவர்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஆங்கிலமும் லத்தீனும் பயின்ற பேரி, தொடக்கத்தில் கவிதைகளும் புனைகதைகளும் எழுதினார். முதல் நாவலான 'மேக்கர்ஸ் கார்டன்' 1982-இல் வெளியானது. 1987-இல் 'தி என்ஜின் ஆஃப் அவுல்-லைட்' வெளிவந்தது. ஆயினும் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது முதலில் மேடைதான்.

மேடை தந்த பெயர்

1988-இல் அபே அரங்கின் சிறிய மேடையான பீகாக்கில் 'பாஸ் கிரேடிஸ் பாய்ஸ்' நாடகம் அரங்கேறியது. கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையில், மலைப்பாங்கான பண்ணை ஒன்றில் தனித்து வாழும் இரு முதிய சகோதரர்களின் கதை அது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 'பிரேயர்ஸ் ஆஃப் ஷெர்கின்' வந்தது. சிறு தீவொன்றில் தனித்து வாழும் மதப்பிரிவினரின் குடும்பத்தில் பிறந்த பெண், கத்தோலிக்க இளைஞரை மணப்பதற்காகத் தம் மக்களை நிரந்தரமாகப் பிரிந்து செல்வதை அந்நாடகம் சித்திரிக்கிறது. அந்தப் பெண்ணின் பாத்திரம் பேரியின் முன்னோர் ஒருவரைத் தழுவியது. குடும்ப வரலாற்றை நாடகமாக்கும் அவரது போக்கு இங்கேயே தெளிவாகத் தொடங்கிவிட்டது.

அவருக்கு உலகப் புகழ் தந்தது, 1995 மார்ச் மாதம் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறிய 'தி ஸ்டூவர்ட் ஆஃப் கிறிஸ்டன்டம்'. மேக்ஸ் ஸ்டாஃபோர்ட்-கிளார்க் இயக்கத்தில், டோனல் மெக்கேன் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். அவரது நடிப்பு அக்காலத்தின் தலைசிறந்த மேடை நடிப்புகளில் ஒன்றாக இன்றும் குறிப்பிடப்படுகிறது. நாடகம் பின்னர் நியூயார்க் உள்ளிட்ட நகரங்களுக்கும் சென்றது.

நாடகத்தின் நாயகர் தாமஸ் டன், டப்ளின் பெருநகரக் காவல்துறையின் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1932-இல், விக்லோ மாவட்டத்தின் பால்டிங்கிளாஸ் ஊரிலுள்ள காப்பகம் ஒன்றில், மனம் பேதலித்த முதியவராக அவர் நாள்களைக் கழிக்கிறார். ஒரு காலத்தில் பளபளக்கும் சீருடை அணிந்தவர், இப்போது உள்ளாடையுடன் அமர்ந்து, தமக்குத் தைக்கப்படும் உடையில் பொன்னிழை வேண்டும் எனத் தையற்காரப் பெண்ணிடம் மன்றாடுகிறார். 1913-ஆம் ஆண்டின் தொழிலாளர் கதவடைப்புப் போராட்டத்தின்போது காவல்துறை நடத்திய தடியடியை நினைவூட்டிக் காப்பகப் பணியாளர் அவரைப் பழிக்கிறார். 1922 ஜனவரியில் டப்ளின் கோட்டை மைக்கேல் காலின்ஸிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அவர் நினைவில் திரும்பத் திரும்ப எழுகிறது. மகள்கள் வந்து போகின்றனர். போரில் மாண்ட மகன் வில்லி சிறுவனாகத் தோன்றுகிறான்.

இப்பாத்திரத்தின் மூல வடிவம் பேரியின் கொள்ளுத்தாத்தா ஜேம்ஸ் டன். அவரும் அதே காவல்துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர். அவரை நாயகராக்கிய போதிலும் பேரி அவருக்காக வழக்காடவில்லை. அதிகாரத்தில் இருந்தபோது டன் செய்தவை மறைக்கப்படுவதில்லை. மகள்களிடம் அவர் காட்டிய கடுமையும் மறைக்கப்படுவதில்லை. நாடகத்தின் இறுதியில், ஆட்டைக் கடித்துக் கொன்ற நாயைக் காப்பாற்றுவதற்காக அதனுடன் ஓடி ஒளிந்த சிறுவன், தண்டனைக்கு அஞ்சியபடி வீடு திரும்பியபோது தந்தை தன்னை அணைத்துக்கொண்டதை டன் நினைவுகூர்கிறார். மன்னிக்கப்பட வேண்டும் என்ற ஏக்கத்தை ஒரு முதியவர் இவ்வாறு சொல்லி முடிக்கும்போது, தீர்ப்பு பார்வையாளர் கையில் விடப்படுகிறது.

1998-இல் வந்த 'அவர் லேடி ஆஃப் ஸ்லைகோ', மருத்துவமனைப் படுக்கையில் இறந்துகொண்டிருக்கும் பெண்ணின் நினைவோட்டம். இதற்கு ஆதாரமானவர் பேரியின் பாட்டி. சினேட் கியூசாக் இதில் முதன்மைப் பாத்திரம் ஏற்றார்.

சர்ச்சைக்குள்ளான நாடகம்

2002-இல் அபே அரங்கில் மேடையேறிய 'ஹின்டர்லேண்ட்' கடும் வாதங்களை எழுப்பியது. பதவியிழந்து, ஊழல் விசாரணைகளின் நிழலில் வாழும் முன்னாள் பிரதமரைப் பற்றிய அந்நாடகம், அப்போது உயிருடன் இருந்த முன்னாள் பிரதமர் சார்லஸ் ஹாகியின் வாழ்க்கையோடு மிக நெருங்கிய ஒற்றுமை கொண்டிருந்தது. உயிருடன் இருப்பவரின் குடும்பத் துயரங்களை மேடையில் காட்டலாமா என்ற கேள்வியைப் பத்திரிகைகள் எழுப்பின. தம் முன்னோரின் இரகசியங்களை எழுதியபோது கிடைத்த வரவேற்பு இம்முறை பேரிக்குக் கிடைக்கவில்லை.

டன், மெக்நல்டி: இரு குடும்பங்களின் நாவல்கள்

பேரியின் நாவல்களில் பெரும்பான்மை டன், மெக்நல்டி என்ற இரு குடும்பங்களைச் சுற்றி அமைந்தவை. ஒவ்வொரு நாவலையும் தனியாகவும் படிக்கலாம். சேர்த்துப் படிக்கும்போது, ஒரு நூலில் ஓரமாகக் கடந்து சென்றவர் மற்றொன்றில் நாயகராக வருவதைக் காணலாம்.

1998-இல் வெளியான 'தி வேர்அபவுட்ஸ் ஆஃப் ஈனியஸ் மெக்நல்டி' இவ்வரிசையைத் தொடங்கி வைத்தது. ஸ்லைகோ நகர இளைஞர் ஈனியஸ், வேறு வேலை கிடைக்காமல் பிரிட்டிஷ் ஆட்சியின் காவல்படையில் சேர்கிறார். அதற்காக விடுதலைப் போராளிகள் அவருக்கு மரண தண்டனை விதிக்கின்றனர். அன்று முதல் வாழ்நாள் முழுதும் அவர் நாடு நாடாக அலைகிறார்.

2005-இல் வந்த 'எ லாங் லாங் வே', தாமஸ் டன்னின் மகன் வில்லியின் கதை. தந்தையைப் போலக் காவலராகும் அளவுக்கு உயரம் வளராத வில்லி, முதல் உலகப் போரின்போது ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் சேர்கிறான். 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது அவனது படையினர் டப்ளின் தெருக்களிலேயே நிறுத்தப்பட்டு, சொந்த நாட்டினர் மீது துப்பாக்கி நீட்ட நேர்கிறது. அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றிய ஐரிஷ் வீரர்கள் சுமார் 2 லட்சம் பேர். அவர்கள் திரும்பி வந்தபோது நாட்டின் மனநிலை மாறியிருந்தது, வரவேற்க ஆளில்லை. பல பத்தாண்டுகள் பொதுவெளியில் நினைவுகூரப்படாத அந்த வீரர்களின் நிலையை இந்நாவல் பரவலான வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது.

இப்படைப்பிரிவுக்கு இந்தியாவுடனும் தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலும் மும்பையிலும் உருவாக்கிய ஐரோப்பியப் படைப்பிரிவுகளின் வழிவந்த மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ், பாம்பே ஃபியூசிலியர்ஸ் ஆகிய இரண்டையும் இணைத்தே 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் உருவானது. ஐரிஷ் விடுதலையைத் தொடர்ந்து 1922-இல் அது கலைக்கப்பட்டது.

மறக்கப்பட்ட பெண்

பேரியின் நாவல்களில் மிகுந்த வாசகர்களைப் பெற்றது, 2008-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் ஸ்கிரிப்சர்'. நூறு வயதை நெருங்கும் ரோசான், ரோஸ்காமன் மனநல மருத்துவமனையில் பல பத்தாண்டுகளாக அடைபட்டிருக்கிறார். தம் வாழ்க்கையைத் தாள்களில் எழுதித் தரைப்பலகைகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார். மருத்துவமனைக் கட்டடம் இடிக்கப்படவிருப்பதால், எந்த நோயாளி உண்மையில் நோயாளி, எவர் காரணமின்றி அடைக்கப்பட்டவர் என்று கண்டறியும் பொறுப்பு டாக்டர் கிரீனிடம் வருகிறது. பாதிரியார் ஒருவர் எழுதி வைத்த குறிப்பும் ரோசானின் சொந்த எழுத்தும் ஒரே வாழ்க்கையை இருவேறு விதமாகச் சொல்கின்றன.

இக்கதையின் விதையும் குடும்பத்திலிருந்தே வந்தது. ஸ்லைகோ பகுதியில் பயணம் செய்தபோது தாயார் ஒரு குடிசை இருந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, குடும்பத்தில் மணமுடித்து வந்த பெண் ஒருவர் அங்கு வாழ்ந்ததாகவும், பின்னர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டதாகவும் கூறியதைப் பேரி நேர்காணல்களில் நினைவுகூர்ந்துள்ளார். அவர் அழகி என்பதைத் தவிர வேறெதுவும் குடும்ப நினைவில் எஞ்சவில்லை. 1950-களில், மக்கள்தொகை விகிதப்படி மனநல மருத்துவமனைகளில் மிக அதிகமானோரை வைத்திருந்த நாடுகளில் அயர்லாந்து முன்னணியில் இருந்தது என்பதைக் கருதினால், ரோசானின் கதை ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

2008 புக்கர் இறுதிப்பட்டியலில் இந்நாவலுடன் அமிதவ் கோஷின் 'சீ ஆஃப் பாப்பீஸ்', அரவிந்த் அடிகாவின் 'தி ஒயிட் டைகர்' ஆகியவையும் இருந்தன. பரிசு, சென்னையில் பிறந்த அடிகாவுக்குச் சென்றது. அதே ஆண்டுக்கான கோஸ்டா ஆண்டின் சிறந்த நூல் விருதைப் பேரி வென்றார். நாவலின் முடிவு நடுவர்களில் பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை என்று நடுவர் குழுத் தலைவர் மேத்யூ பாரிஸ் வெளிப்படையாகவே கூறினார். எனினும் ரோசானின் குரல் அந்தக் குறையை விஞ்சியது. ஜிம் ஷெரிடன் இயக்கத்தில் இந்நாவல் 2016-இல் திரைப்படமானது. ரோசானாக இளமையில் ரூனி மாராவும் முதுமையில் வனெசா ரெட்கிரேவும் நடித்தனர்.

அமெரிக்காவுக்கு நீண்ட கதை

2011-இல் வந்த 'ஆன் கேனன்ஸ் சைடு', டன்னின் இளைய மகள் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று வாழ்ந்த கதையை 89 வயதில் சொல்வதாக அமைந்தது. வரலாற்றுப் புனைகதைக்கான வால்டர் ஸ்காட் பரிசை இது 2012-இல் பெற்றது.

2016-இல் வெளியான 'டேஸ் வித்அவுட் எண்ட்' முற்றிலும் அமெரிக்க மண்ணில் நிகழ்கிறது. அயர்லாந்தின் பெரும் பஞ்சத்திலிருந்து தப்பிய தாமஸ் மெக்நல்டி அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, பூர்வகுடிகளுக்கு எதிரான போர்களிலும் பின்னர் உள்நாட்டுப் போரிலும் ஈடுபடுகிறார். பசியால் துரத்தப்பட்டவரே மற்றொரு மக்களின் அழிவில் பங்கேற்கும் கொடுமையை நாவல் நேராகப் பார்க்கிறது. அவருக்கும் சக வீரர் ஜான் கோலுக்கும் இடையிலான காதலும், பூர்வகுடிச் சிறுமி வினோனாவை இருவரும் மகளாக வளர்ப்பதும் கதையின் மையம். தன்பாலின ஈர்ப்புடையவராகத் தம்மை வெளிப்படுத்திய மகனுக்கு இந்நூலைப் பேரி சமர்ப்பித்தார். 2015-இல் தன்பாலினத் திருமணம் குறித்து அயர்லாந்தில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, அதற்கு ஆதரவாக ஒரு தந்தையின் நிலையிலிருந்து பகிரங்கமாகவும் எழுதினார்.

இந்நாவல் அவருக்கு இரண்டாம் முறை கோஸ்டா ஆண்டின் சிறந்த நூல் விருதையும், 2017-இல் இரண்டாம் முறை வால்டர் ஸ்காட் பரிசையும் பெற்றுத் தந்தது. 2017 புக்கர் நெடும்பட்டியலில் அருந்ததி ராயின் நாவலுடன் இதுவும் இடம்பெற்றது. வினோனாவே கதைசொல்லியாகும் 'எ தவுசண்ட் மூன்ஸ்' 2020-இல் வெளிவந்தது.

அண்மைப் படைப்பும் மதிப்பீடும்

2023-இல் வெளியான 'ஓல்டு காட்ஸ் டைம்', ஓய்வுபெற்ற காவல் அதிகாரி டாம் கெட்டில் பற்றியது. டப்ளின் அருகே டால்கியில் கடலோரத்தில் அமைதியாக வாழும் அவரிடம், பாதிரியார் தொடர்பான பழைய வழக்கு ஒன்று குறித்து இளம் அதிகாரிகள் விசாரிக்க வருகின்றனர். குழந்தைப் பருவத்தில் தேவாலய நிறுவனங்களில் பாலியல் கொடுமைக்கு ஆளானோரின் காயம், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் குடும்பங்களை எவ்வாறு சிதைக்கிறது என்பதை நாவல் பேசுகிறது. அவ்வாண்டு புக்கர் நெடும்பட்டியலில் இருந்த 4 ஐரிஷ் எழுத்தாளர்களில் பேரியும் ஒருவர்.

பேரியின் உரைநடை கவித்துவம் மிகுந்தது. முதியவர்களின் தன்மொழியாக, நினைவுக்கும் மயக்கத்துக்கும் இடையே நகர்வது அதன் இயல்பு. அந்த அழகே சில இடங்களில் மிகையாகி, நிகழ்வுகளின் கடுமையை மென்மையாக்கிவிடுகிறது என்ற விமர்சனமும் உண்டு. விடுதலைப் போராட்டத்தின் எதிர்த்தரப்பில் நின்றோர் மீது அவர் காட்டும் பரிவு, போராட்டத்தின் நியாயத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று கருதுவோரும் உள்ளனர். எனினும், அவரது எழுத்துக்குப் பின்னர் வில்லி டன்னையும் ரோசானையும் தவிர்த்துவிட்டு அந்நாட்டின் 20-ஆம் நூற்றாண்டை நினைப்பது வாசகர்களுக்கு எளிதன்று.

மனைவியும் நடிகையுமான அலிசன் டீகனுடன் விக்லோ மாவட்டத்தில் பேரி வசித்து வருகிறார். அவரை முதன்முதலாக வாசிக்க விரும்புவோர் 'எ லாங் லாங் வே' நாவலிலிருந்து தொடங்கலாம். அதன் பின் 'தி ஸ்டூவர்ட் ஆஃப் கிறிஸ்டன்டம்' நாடகத்தைப் படித்தால், மகனின் கதையில் கண்டிப்பு மிக்கவராகத் தோன்றிய தந்தையை அவரது முதுமையில், தனிமையில் மீண்டும் சந்திக்கலாம்.