கிந்தாப் பள்ளத்தாக்கில் கம்பியில்லாத் தந்தி

ஈப்போவிலிருந்து தெற்கே கோப்பெங் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் சிம்பாங் பூலாய். ‘சிம்பாங்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சந்தி என்பது பொருள். ‘பூலாய்’ ஒரு மரத்தின் பெயர். நம் நாட்டில் ஏழிலைப்பாலை என வழங்கும் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்புக் குன்றுகளும், பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற குட்டைகளும், ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த அச்சந்தியில் நின்று பார்த்தால், மேற்குத் திசையில் பாப்பான், தென்மேற்கில் பத்து காஜா, தெற்கில் கோப்பெங் என மூன்று ஊர்களும் பத்து மைல் தொலைவுக்குள் அடங்கிவிடும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இம்மூன்று ஊர்களிலும் நிகழ்ந்தவற்றை வீரத்தின் வரலாறாகப் பலர் எழுதியிருக்கின்றனர். அவ்வாறு எழுதுவது முறையே. ஆனால் அவ்வரலாற்றின் போக்கைப் பல இடங்களில் முடிவு செய்தது ஒரு வானொலிக் கருவியின் எடையும், அதற்கு மின்சாரம் ஊட்டும் பாட்டரியுமே என்பதை அவர்கள் போதிய அளவு எடுத்துக்காட்டவில்லை.

கருவியின் இயல்பை முதலில் தெரிந்துகொள்வோம். கம்பியில்லாத் தந்திக்கு அனுப்புக் கருவி ஒன்று, வாங்கும் கருவி ஒன்று என இரண்டு உறுப்புகள் வேண்டும். முன்னதை வாய் என்றும் பின்னதைக் காது என்றும் கொள்ளலாம். மனிதக் குரலை அனுப்புவதற்கு அலைவரிசையில் அகலமான இடம் வேண்டும். ஆற்றலும் அந்த அகலத்தில் பரவி மெலிந்துபோகும். மோர்ஸ் குறிகளோ ஒரே சுருதியில் விட்டுவிட்டு ஒலிப்பவை. ஆற்றல் முழுவதும் ஒரு குறுகிய கோட்டிலே நிற்பதால், இரைச்சலுக்கு நடுவிலும் பழகிய காது அதைப் பிரித்தறியும். சிற்றலையோ வானத்தின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. ஆகவே ஒரு மின்விளக்குக்குக்கூடப் போதாத ஆற்றலைக் கொண்டு கடல் கடந்து செய்தி அனுப்ப முடிகிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இரகசியப் படையினர் எடுத்துச் சென்ற ‘பி 2’ என்னும் பெட்டி இந்த உண்மையை நம்பியே செய்யப்பட்டது. அதன் அனுப்புக் கருவியின் ஆற்றல் சுமார் 20 வாட். 3 முதல் 16 மெகாசைக்கிள் வரை வேலை செய்யும். இரண்டு வால்வுகள் கொண்ட அனுப்புக் கருவியும், நான்கு வால்வுகள் கொண்ட வாங்கும் கருவியும், மின்பகுதியும் ஒரே கைப்பெட்டிக்குள் அடங்கின. இங்கே கவனிக்கத்தக்க உபாயம் ஒன்றுண்டு. காட்டிலிருப்பவனின் வாய் சிறியது. ஆதலால் தலைமை நிலையத்தில் நுட்பமான பெரிய காது வைக்கப்பட்டது. காட்டிலிருப்பவனின் காதும் எளியது. ஆதலால் தலைமை நிலையம் உரத்த ஆற்றலோடு பேசியது. ஒருவர் குறையை மற்றவர் ஈடுசெய்த இந்தப் பொருத்தம்தான் முழு ஏற்பாட்டுக்கும் அடிப்படை.

கிந்தாப் பள்ளத்தாக்கில் இந்தப் பொருத்தம் வாய்க்க நெடுங்காலம் சென்றது.

முதலில் பாப்பானைப் பார்ப்போம். ஈப்போவில் மருத்துவமனை நடத்தி வந்தவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு. தைப்பிங்கில் பிறந்த தமிழர். ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்பது இயற்பெயர். அவருடைய மனைவி சிபில், 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த யுரேசியப் பெண்மணி, தேர்ந்த தாதி. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கிய வேளையில் இக்குடும்பம் பாப்பானுக்குக் குடிபெயர்ந்து, பிரதான வீதி 74ஆம் எண் வீட்டில் மருந்தகம் நடத்தியது. அங்கே காட்டிலிருந்து இரவில் வந்த கொரில்லாப் படையினருக்குச் சிபில் இரகசியமாகச் சிகிச்சை செய்தார். அதைப் போலவே ஆபத்தான மற்றொரு பொருளும் அவ்வீட்டில் இருந்தது. அது ஒரு சிற்றலை வானொலிப் பெட்டி. ‘ஜோசஃபின்’ என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர்.

சிற்றலை கேட்பதை ஜப்பானியர் தடை செய்திருந்தனர். அதற்கான தண்டனை கொடியது. எனினும் லண்டன் பி.பி.சி.யின் செய்திகளை அவ்வீட்டில் கேட்டு, நம்பத்தக்கவர்களுக்கு வாய்மொழியாகத் தெரிவித்து வந்தனர். அக்காலத்து நிலைமையை எண்ணினால்தான் இதன் மதிப்பு விளங்கும். தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். போனவர்களைப் பற்றிச் செய்தி இல்லை. பத்திரிகைகள் ஆட்சியாளர் சொன்னதையே அச்சிட்டன. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கில் காலம் தள்ளிய மக்களுக்கு, போர் எத்திசையில் திரும்புகிறது என்ற ஒரு வரிச் செய்தியும் பசிக்கு அடுத்த தேவையாக இருந்தது.

ஆனால் பாப்பானில் இருந்தது காது மட்டுமே. கேட்டதைக் கொரில்லாக்களுக்குச் சொல்ல முடிந்ததே தவிர, அவர்கள் கண்டதைக் கடல் கடந்து அறிவிக்க வழி இல்லை. செய்தி ஒரே திசையில் ஓடிற்று. அதில் ஒரு பாதுகாப்பும் உண்டு என்று தோன்றலாம். அனுப்புக் கருவி தன் இருப்பிடத்தை வானில் பறைசாற்றிக் கொள்ளும், கேட்கும் கருவியோ மௌனமாக இருக்கும். ஆயினும் மௌனமான பெட்டியைக் காட்டிக்கொடுக்க மனிதர்கள் இருந்தார்கள். 1943இல் சிபில் கைதானார். கணவரும் வளர்ப்பு மகனும் பிடிபட்டனர். கெம்பெய்த்தாய் என்னும் இராணுவப் போலீசார் அவரைச் செய்த சித்திரவதையை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவருடைய இறப்புக்குப் பின், 1954இல் வெளிவந்த அவருடைய நினைவு நூலே அதற்குச் சான்று.

அதே ஆண்டில், பேராக் கரையின் மறுபக்கத்தில் வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. 1943 மே 24ஆம் நாள் ஜான் டேவிஸ் என்ற முன்னாள் போலீஸ் அதிகாரி, சீனத் தோழர் ஐவருடன் டச்சு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பேராக் கடற்கரையில் இறங்கினார். பின்னர் ரிச்சர்ட் புரூமும், சிங்கப்பூர் வணிகர் லிம் போ செங்கும் வந்து சேர்ந்தனர். ஈப்போ நகரில் ஒரு வியாபாரக் கடையை மறைப்பாக வைத்து உளவுப் பின்னல் ஒன்று அமைந்தது. பீடோர் மலைகளில் இவர்களுடைய முகாம். ஏற்கெனவே காட்டில் தங்கிவிட்ட ஸ்பென்சர் சாப்மன் 1943 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே வந்து சேர்ந்தார். அந்த ஆண்டின் கடைசி நாளில் மலாயாக் கம்யூனிஸ்டுகளுடன் ஓர் உடன்பாடும் ஏற்பட்டது.

ஆட்கள் இருந்தனர், செய்தி இருந்தது, உடன்பாடும் இருந்தது. இலங்கைக்குச் சொல்ல வாய்தான் இல்லை. கம்பியில்லாத் தந்திக் கருவிகள் மலைக்குத் தூக்கிச் செல்ல முடியாத பாரமாக இருந்தமையால் கீழே மறைத்து வைக்கப்பட்டன. பெட்டி மட்டும் 32 ராத்தல். அதனோடு கார் பாட்டரியும், அதற்கு மீண்டும் மின்னூட்டக் கையால் சுற்றும் எந்திரமும் சேர்ந்தால், அட்டையும் வழுக்குப் பாறையும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில், சாலைகளைத் தவிர்த்து, இரவில் நடக்கும் சுமைகாரர்களின் நிலையை நாம் ஊகித்துக் கொள்ளலாம். இருபது வாட் சிறிது என்கிறோம். காட்டில் அதைப் பிறப்பிப்பது சிறிதன்று.

1944இன் தொடக்கத்தில் நீர்மூழ்கிச் சந்திப்புகளும் தவறிப்போயின. முகாமில் பணம் வற்றிற்று. நிதி திரட்டவும் பின்னலைச் சரிபார்க்கவும் லிம் போ செங் மார்ச் மாதத்தில் மலையைவிட்டு இறங்கினார். பங்கோர் தீவில் தொடங்கிய கைதுகள் அதற்குள் ஈப்போவரை படர்ந்துவிட்டன. 27ஆம் நாள் கோப்பெங் அருகே சோதனைச் சாவடியில் அவர் பிடிபட்டார். தோழர்களின் பெயரைச் சொல்லாமலே ஜூன் 29ஆம் நாள் பத்து காஜா சிறையில் உயிர் நீத்தார். சிபிலையும் அடைத்து வைத்த சிறை அது.

கருவி அப்போதே இயங்கியிருந்தால் லிம் போ செங் இறங்கியிருக்க மாட்டார் என்று உறுதியாகக் கூறுதல் மிகையாகும். இலங்கையிலிருந்து மலாயாவுக்கு வந்து திரும்பக்கூடிய நெடுந்தூர விமானங்கள் 1944 இறுதிவரை இப்பணிக்குப் போதிய அளவில் கிடைக்கவில்லை. இருந்தாலும், அவர் இறங்க நேர்ந்ததற்கு மௌனம் ஒரு பெருங்காரணம் என்பதே எமது துணிபு.

இதற்கிடையில் எதிர்த் தரப்பும் இதே கலையை நாடியது என்பதையும் இங்கே குறிக்கலாம். பினாங்கில் அமைந்த சுயராஜ்யப் பள்ளியில் ஒற்றுவேலையும் கம்பியில்லாத் தந்தியும் பயின்ற இந்திய இளைஞர்கள், 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிகளில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டனர். மலையாளக் கரையில் தானூரில் இறங்கிய வக்கம் அப்துல் காதர் உடனே பிடிபட்டு, 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அங்கே கருவி பேசத் தொடங்குமுன்பே ஆள் அகப்பட்டுக்கொண்டார்.

பேராக் மலையில் மௌனம் கலைந்தது 1945 பெப்ரவரித் தொடக்கத்தில். மறைத்து வைத்திருந்த கருவிகள் ஒருவாறு முகாமுக்கு வந்து சேர்ந்து, மின்சாரத்துக்கும் வழி செய்யப்பட்டு, ஏறத்தாழ 1,450 மைலுக்கு அப்பாலிருந்த கொழும்புடன் தொடர்பு கிட்டியது. டேவிஸ் கரையிறங்கி இருபது மாதங்கள் கழிந்திருந்தன. இத்தனை காலமும் இவர்கள் உயிரோடிருப்பதே தலைமை நிலையத்துக்கு ஐயமாயிருந்திருக்கும். அதன்பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. அம்மாத இறுதியிலேயே பேராக்கில் அதிகாரிகள் பாராசூட்டில் குதித்தனர். மருந்தும் ஆயுதமும் தொடர்ந்து விழுந்தன. அவற்றுடன் மேலும் பல கம்பியில்லாத் தந்திப் பெட்டிகளும். சாப்மனும் புரூமும் மே மாதத்தில் பங்கோர் லாவுட் தீவின் விரிகுடாவிலிருந்து ‘ஸ்டேட்ஸ்மன்’ என்னும் நீர்மூழ்கியில் வெளியேறினர். முந்தைய ஆண்டில் தவறிய சந்திப்பு இம்முறை தவறவில்லை; நாளையும் இடத்தையும் இருபுறமும் பேசி முடிக்க இப்போது கருவி இருந்தது.

ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. சிறையிலிருந்து மீண்ட சிபில், முதுகெலும்பு முறிந்த நிலையில் சிகிச்சைக்காக இங்கிலாந்து சென்று, ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948 ஜூன் 12ஆம் நாள் ஸ்காத்லாந்தில் காலமானார். நான்கு நாள் கழித்து சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் சுடப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அவர் மருந்திட்ட கொரில்லாக்களில் பலர் மீண்டும் காடேறினர். அவருடைய உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

‘பி 2’ பெட்டிகளின் பிற்காலம் அமைதியானது. போருக்குப் பின் இங்கிலாந்தில் அவை மிகைப்பொருளாக விற்பனைக்கு வந்தன. அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் அவற்றை வாங்கி, எச்.ஆர்.ஓ., ஏ.ஆர். 88 போன்ற பழைய, கனத்த வாங்கும் கருவிகளுக்குப் பக்கத்தில் வைத்து மோர்ஸ் தட்டினர். இவற்றுள் எச்.ஆர்.ஓ. 1935இல் அமெரிக்காவில் அமெச்சூர்களை மனத்திற்கொண்டே செய்யப்பட்டுப் பின்னர் போர்க்கால ஒட்டுக்கேட்பு நிலையங்களுக்குச் சென்றது. மலாயாவில் அமெச்சூர் ஒலிபரப்பாளர் சங்கம் 1952இல் தோன்றியது. இன்று குறைந்த ஆற்றலில் மோர்ஸ் அனுப்புவோர் தமக்கு விதித்துக்கொள்ளும் எல்லை 5 வாட். டேவிஸின் பெட்டியில் கால்பங்கு. பாட்டரி இப்போது சட்டைப் பையில் அடங்குகிறது.