வைத்திருப்பதற்கு ஒரு வரி: வானொலி உரிமமும் பம்பாய்த் தமிழரும்

1927 ஜூலை 23 அன்று இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் பம்பாய் நிலையத்தை வைசிராய் இர்வின் திறந்து வைத்தார். அக்கம்பெனியின் முதன்மை வருவாய் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அரசுக்குச் செலுத்திய ஆண்டுக் கட்டணமான 10 ரூபாயில் கிடைத்த பங்காகும். நாடு முழுவதும் உரிமம் பெற்றோர் எண்ணாயிரத்தை எட்டாத நிலையில், 1930இல் கம்பெனி கலைக்கப்பட்டது. உரிமமின்றிக் கேட்டவர்களும் இந்நட்டத்துக்கு ஒரு காரணம். பொறுப்பு அரசின் கைக்கு மாறியபின் வந்த 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கருவியை ‘வைத்திருத்தலையே’ குற்றமாக்கியது. கேட்டார்களா, எதைக் கேட்டார்கள், எம்மொழியில் கேட்டார்கள் என்பவை சட்டத்தின் அக்கறைக்கு உரியவை அல்ல.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களை வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாட்டின் பொருள் விளங்கும். பம்பாய் வானொலியின் முதன்மை மொழிகள் மராத்தியும் குஜராத்தியும் இந்தியும். தமிழ் அவற்றுள் ஒன்றன்று. ஆயினும் கட்டணம் எல்லார்க்கும் ஒன்றே. அஞ்சலகத்தில் பணம் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் ஆண்டுதோறும் பதிவு பெற வேண்டும். தாராவியின் தேநீர்க் கடையில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று கேட்டாலும், வீட்டு உரிமம் அதற்குப் பொருந்தாது. வணிக உரிமம் தனி.

1950களில் அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களை வானொலியில் ஒடுக்கியபோது நகைமுரண் ஒன்று நேர்ந்தது. பம்பாயில் பதிவான பினாக்கா கீத்மாலா கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகி மீண்டும் பம்பாய் வீடுகளை அடைந்தது. கட்டணம் இந்திய அரசுக்கு, செவி இலங்கை வானொலிக்கு! 1957இல் விவித் பாரதி தோன்றியதற்கு இப்போட்டி ஒரு காரணம். தமிழைப் பொறுத்தவரை தில்லிச் செய்தி ஒலிபரப்பு இருந்தது. அதில் பல்லாண்டு ஒலித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலே மும்பையில் வளர்ந்த குரல்தான்.

மொழியும் ஒரு சான்று தருகிறது. உரிமம் என்பது பெறுவது. வரி என்பது கட்டுவது. தமிழ்ப் பேச்சிலோ ‘ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டுவது’ என்றே வழங்கிற்று. மக்கள் இதனை வரியாகவே உணர்ந்தனர் என்பதற்கு இவ்வினைச்சொல் போதும். அவ்வுணர்வு தவறன்று. பிரிட்டனில் உரிமக் கட்டணம் பிபிசியைத் தாங்கும் வருவாயாக நிலைத்தது. ஆகவே கட்டுபவர் அந்நிறுவனத்தைக் கேள்வி கேட்க முடிந்தது. இந்தியாவிலோ ஆகாசவாணி ஓர் அரசுத் துறை. அதன் செலவை வரவுசெலவுத் திட்டம் தீர்மானித்தது. கட்டியவருக்கு ரசீது கிட்டியது, உரிமை கிட்டவில்லை.

1972 அக்டோபர் 2 அன்று பம்பாய்த் தொலைக்காட்சி தொடங்கியபின், பெட்டிக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் என்னும் நிலையும் வந்தது. 1980களின் நடுவில் இரு கட்டணங்களும் நீக்கப்பட்டன. வீடுகளுக்கு அது நிம்மதி. ஆனால் ஒலிபரப்புக்கும் கேட்பவருக்கும் இடையே பெயரளவில் இருந்த ஒரே பணத்தொடர்பும் அத்துடன் அறுந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1997இல் பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பாக உருவானபோது, கட்டணத்தை மீட்க எவரும் துணியவில்லை. தன்னாட்சி பெற்ற அவ்வமைப்பு இன்றும் சம்பளத்துக்கு மைய அரசின் மானியத்தையே சார்ந்துள்ளது.