லுக்குட் வட்டாரத்தில் விவேகப் போக்குவரத்துத் திட்டமிடல்

லுக்குட், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த சிறுநகரம். இதைச் சுற்றி ரப்பர் தோட்டங்களாக இருந்து செம்பனைக்கு மாறிய நிலங்களும், புதிய வீடமைப்புப் பகுதிகளும், கடலோரத் தொழிற்பகுதிகளும் உள்ளன. இவ்வட்டாரத்தின் சாலை, பேருந்து, ரயில், டோல் வசதிகளைத் தகவல் தொடர்புக் கருவிகளால் ஒன்றோடொன்று பேச வைப்பதற்கான ஏற்பாடே இங்கு விவேகப் போக்குவரத்துத் திட்டமிடல் எனப்படுகிறது. தேசியக் கொள்கை, மாநில அமைப்புத் திட்டம், மாவட்ட உள்ளூர்த் திட்டம் ஆகிய மூன்றின் வழியாக இப்பணி நடைபெறுகிறது.

வட்டாரமும் பழைய வழிகளும்

லுக்குட் 19ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கங்களால் செழித்தது. ராஜா ஜுமாட் ஆட்சியில், 1846 முதல் 1864 வரை, அது சிலாங்கூரின் வளமான பகுதிகளுள் ஒன்றாக விளங்கியது. 1878ஆம் ஆண்டின் எல்லை உடன்பாட்டால், பின்னாளில் நெகிரி செம்பிலானில் சேர்ந்த சுங்கை ஊஜோங்கின் வசம் அது வந்தது. 1891இல் சுங்கை ஊஜோங் ரயில்பாதை சிரம்பானையும் போர்ட்டிக்சன் துறைமுகத்தையும் இணைத்தது. ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை முதலில் ஈயத்தையும் பின்னர் ரப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தது. பயணிகள் சேவை முன்பே நின்றுவிட, கடைசிவரை ஓடிய எண்ணெய்ச் சரக்கு ரயிலும் 2008இல் நின்றது. பாதையை மீட்க வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பால்மரம் வெட்ட வந்த தமிழர்கள் இம்மாவட்டத்தின் தோட்ட லயங்களில் குடியேறினர். வேலை, பள்ளி, கோயில், மருந்தகம் அனைத்தும் தோட்டத்துக்குள்ளேயே அமைந்ததால் வெளிப்பயணம் குறைவாகவே இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு நகர்ந்து, வேலை நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மாறிய பிறகு அன்றாடப் பயணத்தின் தூரம் கூடியது. பேருந்து வசதி அதற்கு ஈடாக வளரவில்லை. மோட்டார் சைக்கிளே பல குடும்பங்களின் முதல் வாகனமாகிவிட்டது.

இன்றைய கட்டமைப்பு

மேற்குக் கரையோரமாகச் செல்லும் கூட்டரசுச் சாலை 5, சிப்பாங் பக்கத்திலிருந்து புக்கிட் பெலாண்டோக், சுவா வழியாக லுக்குட்டை அடைந்து போர்ட்டிக்சனுக்குச் செல்கிறது. சிரம்பானிலிருந்து வரும் கூட்டரசுச் சாலை 53 அதனுடன் சேர்கிறது. 1990களில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளமுள்ள சிரம்பான்–போர்ட்டிக்சன் நெடுஞ்சாலை இவற்றுக்கு இணையாக ஓடும் டோல் சாலை. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கடற்கரைக்கு வரும் கார்கள் இச்சாலைகளில் திரளுகின்றன. வார நாள்களில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் தொழிலாளர்களின் மோட்டார் சைக்கிள்களும் அதே சாலைகளில் ஓடுகின்றன. வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு தேவைகள் எழுவதால், எந்நேரமும் ஒரே கால அளவில் மாறும் சமிக்ஞை விளக்கு இத்தகைய சந்திப்புகளுக்குப் பொருந்தாது. சிட்னியில் 1970களில் உருவாக்கப்பட்ட ஸ்காட்ஸ் போன்ற முறைகள், சாலைக்கடியில் பதித்த உணரிகளால் வாகன வரத்தை அறிந்து பச்சை விளக்கின் நேரத்தை மாற்றிக்கொள்கின்றன.

ரயில் வசதி சிரம்பானில்தான் தொடங்குகிறது. 1995இல் அறிமுகமான கொமுட்டர் சேவை அந்நகரைக் கோலாலம்பூருடன் இணைத்தது. சிரம்பான்–கிம்மாஸ் மின்மய இரட்டைப் பாதை 2013இல் நிறைவடைந்தது.

திட்டச் சட்டகம்

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் நிலப் பயன்பாட்டையும் போக்குவரத்தையும் சேர்த்துத் திட்டமிட வழி செய்கிறது. அதன்படி தயாராகும் வரைவுத் திட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. மக்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர் அளவில் போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகம் பொறுப்பேற்கிறது.

தேசிய அளவில் மூன்று ஆவணங்கள் முக்கியமானவை. பொதுப்பணி அமைச்சின் விவேகப் போக்குவரத்து முறைப் பெருந்திட்டம் 2019 முதல் 2023 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டது. போக்குவரத்து அமைச்சின் தேசியப் போக்குவரத்துக் கொள்கை 2019 முதல் 2030 வரையிலானது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் மலேசிய விவேக நகரச் சட்டகம் ஏழு கூறுகளைக் கொண்டது; அவற்றுள் விவேக நகர்வும் ஒன்று.

வட்டார அளவில் மலேசிய விஷன் வேலி 2.0 திட்டம் இம்மாவட்டத்தின் முகத்தை மாற்றக்கூடியது. 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் பெருந்திட்டம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் 1,53,411 ஹெக்டேர் நிலத்தை உள்ளடக்கி 2045 வரை நோக்குகிறது. அதன் முதன்மை இணைப்பாகக் கருதப்பட்டது கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில். 350 கிலோமீட்டர் தூரத்தை 90 நிமிடங்களில் கடக்கும் அத்திட்டத்துக்கு 2016 டிசம்பர் 13 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. சிரம்பான் நிலையம் லாபுவில் அமைவதாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியுடன் ஒப்பந்தம் காலாவதியானது. ஒரு பெரிய திட்டத்தை மட்டும் நம்பி வட்டார இணைப்புகளை வகுத்தால், அது நின்றதும் அதைச் சார்ந்த பேருந்துத் தடங்களும் கிளைச் சாலைகளும் பிடிப்பற்றுப் போகும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

பல உரிமையாளர்கள், ஒரே பயணம்

தோட்டத்தில் வாழும் முதியவர் ஒருவர் சிரம்பானின் துவாங்கு ஜாஃபர் மருத்துவமனைக்கு நிபுணர் சிகிச்சைக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் புறப்படும் மண்சாலை தோட்ட நிறுவனத்துடையது. அடுத்து வரும் தெரு நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு; கூட்டரசுச் சாலையும் அதன் சமிக்ஞை விளக்குகளும் பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்தவை. டோல் சாலையை பிளஸ் நிறுவனம் நடத்த, மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மேற்பார்வையிடுகிறது. பேருந்து உரிமம் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்திடமிருந்து வருகிறது. மருத்துவரைச் சந்திக்கும் நேரத்தை முடிவு செய்வதோ மருத்துவமனை. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே நவீனக் கருவிகளை வாங்கினாலும், ஒன்றின் தகவல் மற்றதற்குச் செல்லாவிட்டால் அவருடைய காத்திருப்பு குறையாது.

எனவேதான் விவேகப் போக்குவரத்துத் திட்டமிடலில் வட்டாரக் கட்டமைப்பு வரைவு என்னும் ஆவணம் முதலிடம் பெறுகிறது. யார் யார் பங்காளிகள், இப்போது என்னென்ன கருவிகள் உள்ளன, எந்தத் தகவலை யார் யாருக்குத் தரவேண்டும், எந்தத் தொழில்நுட்பத் தரத்தைப் பின்பற்றவேண்டும், எந்தத் திட்டம் முதலில் வரவேண்டும், பராமரிப்புச் செலவு யாருடையது ஆகியவற்றை அது வரையறுக்கிறது. அமெரிக்கா 2001இல், கூட்டரசு நெடுஞ்சாலை நிதியைப் பெறும் விவேகப் போக்குவரத்துத் திட்டங்களுக்கு இத்தகைய வட்டார வரைவை விதியாக்கியது.

தரவும் அதன் குருட்டுப்புள்ளிகளும்

மலேசியாவில் 1997இல் அறிமுகமான, டோல் கட்டணம் செலுத்த உதவும் டச் என் கோ அட்டையும், பிளஸ் நெடுஞ்சாலையில் 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த வானலை அடையாள ஒட்டியும் வாகன ஓட்டத்தைப் பற்றிய பெருந்தரவைத் தருகின்றன. ஆனால் பிளஸ் சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கட்டணம் இல்லை. ஆகவே கட்டணப் பதிவுகளை மட்டும் வைத்துத் திட்டமிட்டால் தொழிலாளியின் வாகனம் கணக்கிலேயே வராது. நாட்டின் சாலை விபத்துகளில் இறப்போரில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்கள் பின்னால் அமர்ந்து செல்பவர்களும் என்பதால் இந்த விடுபடல் உயிர்களைப் பாதிக்கும். நிழற்படக் கருவி வழி வாகன வகைக் கணக்கெடுப்பும், தோட்டச் சந்திகளில் நேரடிக் கணக்கெடுப்பும் இக்குறையைத் தீர்க்கும்.

கைப்பேசித் தரவுக்கும் இதேபோன்ற எல்லை உண்டு. அலைவரிசை பலவீனமான தோட்டங்களில் பேருந்துச் செயலி பயன்படாது. 2020இல் அறிவிக்கப்பட்ட ஜென்டேலா தேசிய இணைய விரிவாக்கத் திட்டம் இந்த வகையில் போக்குவரத்துத் திட்டமிடலின் அடித்தளமாகவும் அமைகிறது.

பேருந்துச் சேவை

2015 முதல் நடப்புக்கு வந்த பேருந்துச் சேவை உருமாற்றத் திட்டத்தில் முதலில் இடம்பெற்ற நகரங்களுள் சிரம்பான் ஒன்று. பயணிகளின் எண்ணிக்கையை நம்பாமல், ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பப் பேருந்தை நடத்தும் நிறுவனத்துக்கு அரசு பணம் தரும் ஏற்பாடு அது. லாபமில்லாத தடத்திலும் பேருந்து ஓட இது வழி செய்கிறது. பேருந்து உண்மையில் ஓடியதா என்பதைச் செயற்கைக்கோள் இருப்பிடக் கருவி காட்டிவிடும். பேருந்து நேரங்களைப் பொதுவான மின்வடிவில் வெளியிடும் முறை 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் தொடங்கி உலகெங்கும் பரவியது. மலேசிய அரசின் திறந்த தரவுத் தளமும் அவ்வடிவத்தைப் பின்பற்றுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடும், அழைத்தால் வரும் பகிர்வு வேன்கள் மக்கள் சிதறி வாழும் தோட்டப்புறத்துக்கு இன்னும் பொருத்தமானவை. பெரிய பேருந்து நுழைய முடியாத பாதைகளிலிருந்து பயணிகளை ஏற்றி லுக்குட் பேருந்து நிறுத்தத்தில் சேர்க்க அவற்றால் முடியும். இதற்குத் தோட்ட நிறுவனம் தன் சாலையைத் திறந்துவிடும் ஒப்பந்தமும், தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யும் வசதியும் தேவை. செயலியை மட்டும் கொடுப்பது முதியவர்களை வெளியே நிறுத்திவிடும்.

மதிப்பீடு

நெரிசலைத் தணிக்கச் சாலைக் கட்டணம் ஒரு வழிதான்; ஆனால் சிங்கப்பூர் 1998இல் மின்னணுச் சாலைக் கட்டணத்தை நடைமுறைப்படுத்தியபோது, கார் இல்லாமலும் பயணம் செய்யும் வழி அங்கு ஏற்கெனவே இருந்தது. லுக்குட்டில் அந்த மாற்று வழியே முதல் தேவை. ஆகவே நம்பகமான பேருந்து, தோட்டம்வரை எட்டும் பகிர்வு வேன், மோட்டார் சைக்கிளுக்குப் பாதுகாப்பான சந்திப்பு ஆகியவற்றுக்கு முதல் நிதியும், வாகன வரத்துக்கேற்ப நேரம் மாற்றி விடுமுறை நெரிசலைத் தணிக்கும் தகவமை விளக்குகளுக்கு அடுத்த நிதியும் ஒதுக்குவதே நியாயமான வரிசை. வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் அதன் விளக்கம் தமிழிலும் கிடைத்து, தோட்டப்புற மக்களின் ஆட்சேபங்கள் முறையாகப் பதிவானால், இந்த வரிசையைச் சட்டப்படியே கோர முடியும்.